பேச எழுந்து நிற்கும் வரை

ஒருவரைப் பயந்த சுபாவம் என்று சொல்லிவிட்டால், அவர் எங்கேயும் எப்போதும் பயப்படுகிறவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரையில் அப்படி யாரும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இங்கே எனக்கு அத்தை முறையில் ஒருவர் இருக்கிறார். கேழ்வரகுக் கதிர் முற்றுகிற காலத்தில் ராத்திரிக் காவலுக்குத் தனியாகவே கொல்லைக்குப் போவார். காட்டுப்பன்றி வந்தால் டார்ச் அடித்துக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே துரத்துவார். அதே அத்தை வங்கிக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவார். கவுன்ட்டர் முன்னால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். பாஸ்புக்கை என் கையில் திணித்து, "நீயே கேளு கண்ணு" என்று என் பின்னால் ஒதுங்கிவிடுவார்.

பன்றிக்குப் பயப்படாதவர் ஒரு கிளார்க்குக்கு ஏன் பயப்படுகிறார்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் என் மனதில் கிடந்தது. என் கதையும் அதுதான். வீட்டில், தெருவில் வாய் ஓயாமல் பேசுவேன். மேசை போட்டு யாராவது உட்கார்ந்திருக்கிற இடத்தில் பேச்சே வராது. மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக, அதாவது குழுவை நடத்துகிறவராக, இருந்த வருடங்களில்தான் இதிலிருந்து மெல்ல வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று சொன்னால் இதே நிலையில் இருக்கிறவர்கள் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

எனக்குப் பேச்சு நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இங்கே பல போர்வெல்களில் தாண்டிவிடும். குழந்தைக்கு எட்டு வயது ஆகிற வரைக்கும் ஈறுக்குள்ளே நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும்போதே வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையுமாக முளைக்கும். தேய்த்துப் போக்க முடியாது. கரி, உப்பு, வேப்பங்குச்சி எதுவானாலும் ஈறு புண்ணாவதுதான் மிச்சம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

இதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒரு டீச்சர், நான் எழுந்து பாடம் படித்துக்கொண்டிருந்தபோது நிறுத்தி, "பல்லே விளக்க மாட்டியா?" என்று கேட்டார். வகுப்பில் நிறையப் பேருக்கு என்னைப் போலக் கறைப்பல்தான். அவர்களும் சிரித்தார்கள். அவர்களுடைய முறை வரவில்லை என்ற நிம்மதியில் சிரித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பேச வாய் திறந்தாலே கை தானாக வாய்க்குப் போய்விடும். விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். தூக்கினால் எழுந்து நிற்க வேண்டும், நின்றால் வாயைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் எனக்கு "வாயில்லாப் பூச்சி" என்று பெயர் வந்தது. படிப்பு வராத பிள்ளை என்றும் நினைத்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாதவரும் தெரிந்தும் பேசாதவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு அதிர்ந்து பேசாது" என்று அதையே பெருமையாகச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பயத்தை ஊரே மெச்சும்போது, அதை விட்டு வெளியே வர அவளுக்குக் காரணமே இருக்காது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இப்படித்தான் ஊமையானார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும்.

கோழைத்தனம் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே நடப்பது வேறு. பேச வேண்டிய நேரம் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் காய்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உடனே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறோம். நழுவிய அந்த நிமிடம் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், சிக்கல் அதில்தான் இருக்கிறது. தப்பித்ததால்தான் நிம்மதி வந்தது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் படபடக்கிறது, இன்னும் சீக்கிரம் நழுவச் சொல்கிறது. இப்படியே போனால் பயம் குறைய வழியே இல்லை. எதற்குப் பயந்தோமோ அது உண்மையில் நடக்குமா என்று பார்க்கிற வாய்ப்பே வராமல் போகிறது.

இதைத் திருப்புவதற்கு எனக்குக் கிடைத்த இடம் குழுக் கூட்டம். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாக முதலில் ஆரம்பித்தன. கடனுக்காகத்தான் எல்லாரும் சேர்ந்தோம், நானும் அப்படித்தான். ஆனால் குழு எனக்குக் கொடுத்த பெரிய விஷயம் கூட்டம் நடத்துகிற முறை. பன்னிரண்டிலிருந்து இருபது பேருக்குள்தான் ஒரு குழு. வட்டமாகத் தரையில் உட்கார்வோம். மேசை கிடையாது, முதல் வரிசை கடைசி வரிசை கிடையாது. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, இந்த வாரச் சேமிப்பு எவ்வளவு, கடன் திருப்புவது எவ்வளவு என்று சொல்லிப் பணத்தை நடுவில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. தன் பெயரும் ஒரு தொகையும்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் ஆரம்பத்தில் பேசினேன். வாரா வாரம் அதே பெண்கள், அதே இடம், அதே இரண்டு வார்த்தை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகு, "ஏன் போன மாசம் வட்டிக் கணக்கு மாறி இருக்கு?" என்ற கேள்வி தானாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை, கணக்கைப் பார்த்துத் திருத்தினார்கள். வெட்கப்படுகிறவர்களை ஒரேயடியாக மேடையில் ஏற்றி விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒப்பவே ஒப்பாது. நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிடுகிற மாதிரிதான் அது. சிலர் நீந்திவிடுவார்கள், மற்றவர்கள் தண்ணீர்ப் பக்கமே வர மாட்டார்கள். பேசியே ஆக வேண்டிய ஒரு சின்ன வேலை, திரும்பத் திரும்ப, தெரிந்தவர்கள் நடுவில் என்று ஆரம்பிப்பதுதான் நிலைக்கும்.

அப்புறம் வங்கி. ஊக்குநர் ஆனதால் குழுவின் பணத்தை நான்தான் கட்டப் போக வேண்டும். அங்கே எனக்கு வந்த பெரிய தடை, "அப்புறம் வாங்க" என்ற பதில். அதைக் கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். பஸ் காசு போகும், அன்றைய கூலி போகும். வெளியே வந்த பிறகுதான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அதனால் பதிலுக்குச் சொல்ல இரண்டு கேள்விகளை முன்னாலேயே நெட்டுருப் போட்டுக்கொண்டேன். "எந்தத் தேதிக்கு வரணும் சார்?" "வந்தா யாரைப் பார்க்கணும்?" இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகரக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

இதில் சண்டை இல்லை, குரலை உயர்த்துவது இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். தேதியைச் சொல்வார், பெயரைச் சொல்வார், சில சமயம் "சரி குடுங்க, இப்பவே பார்க்கறேன்" என்றும் சொல்வார். பயம் வருகிற நேரத்தில் புதிதாக யோசிக்க மூளை ஒத்துழைக்காது. அதனால் யோசனையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை. பாஸ்புக்கை என்னிடம் திணித்த அத்தைக்கும் நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். அவர் பஸ்ஸில் வரும்போதே இரண்டு கேள்வியையும் முணுமுணுத்துக்கொண்டே வருவார்.

கிராம சபைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. எங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் தருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த ஃபுளோரைடு பாதிப்பைத் தடுக்கத்தான் அந்தத் திட்டமே. எங்கள் ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் ஊருக்குள் கடைசியில் இருக்கிற எங்கள் தெருவுக்குக் குழாய் இழுக்காமல் விட்டிருந்தார்கள். மற்றத் தெருக்களில் பிள்ளைகள் காவிரித் தண்ணீர் குடித்து வளர, எங்கள் தெருப் பிள்ளைகள் போர்வெல் தண்ணீரையே குடித்தார்கள். என் மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. நான் எதைப் பார்த்துப் பயந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெருவில் எல்லாரும் திட்டுவோம். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திட்டுவோம், ஏற்றிக்கொண்டும் திட்டுவோம். யார் போய்க் கேட்பது என்று வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

முதலில் ஒரு கிராம சபைக்குச் சும்மா போய் உட்கார்ந்து பார்த்தேன். பேசுகிற எண்ணமே இல்லாமல். பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா போட்டிருந்தது. முன்னால் நாற்காலிகளில் ஆண்கள். பெண்கள் பின்னால் ஜமுக்காளத்தில். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள், நூறு நாள் வேலைக்கு நேரமாகிறது என்று. மேசைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவர், அவரும் ஒரு பெண்தான். பக்கத்தில் ஊராட்சிச் செயலர், அப்புறம் ஒன்றியத்திலிருந்து அனுப்பப்பட்ட பற்றாளர். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர் தலைவரின் கணவர். வரவு செலவை வாசித்தார்கள். மைக் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, யார் பேசினால் செயலர் எழுதுகிறார், யார் பேசினால் பேனாவை மூடி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரம், அவையஞ்சாமை 73ஆவது. கூட்டத்தைத் தெரிந்துகொள்வது முன்னால், கூட்டத்துக்கு அஞ்சாமல் இருப்பது அதற்கு அடுத்து. பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில் இந்த வரிசை என் கண்ணில் படவில்லை. அன்றைக்கு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தபோது ரொம்பச் சரியான வரிசை என்று பட்டது. தெரியாத இடம் என்பதால்தான் பாதிப் பயம். எங்கே உட்காருவார்கள், எதை முதலில் எடுப்பார்கள், எவ்வளவு நேரம் நடக்கும் என்று தெரிந்தாலே நெஞ்சுப் படபடப்பு ஒரு படி இறங்கிவிடுகிறது. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளிடமும் நான் இதைச் சொல்வதுண்டு: முடிந்தால் முந்தின நாளே போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா, வாட்ச்மேனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வா.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். யாரும் நமக்கு அனுமதி கொடுத்து உள்ளே விடவில்லை. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். அந்த நூறில் பாதிக்கு மேல் எப்போதும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற எங்கள் கையெழுத்துதான். நாங்கள் இல்லாவிட்டால் கூட்டமே இல்லை. இது தெரிந்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

அப்புறம் கையில் ஒரு எண் கிடைத்தது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தருகிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் என்று தேர்ந்தெடுத்துக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுப்பார்கள். குழுவிலிருந்து நானும் போனேன். ஒரு பெட்டி, அதற்குள் சின்னச் சின்னப் பாட்டில்களில் மருந்து, கண்ணாடிக் குழாய்கள், நிற அட்டை. தண்ணீரைக் குறிப்பிட்ட அளவு எடுத்து, மருந்தைச் சொட்டு எண்ணி விட்டு, கலக்கி, வருகிற நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரைச் சோதித்தபோது நிறம் 1.5க்குரிய கட்டத்தைத் தாண்டியே நின்றது. தொட்டித் தண்ணீரைச் சோதித்தால் அதற்குக் கீழே. இரண்டையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

"எங்க தண்ணி சரியில்ல" என்று சொல்லும்போது குரல் மன்றாடுகிற மாதிரி வரும். "இந்தத் தேதியில் சோதிச்சோம், அளவு 1.5க்கு மேல இருக்கு" என்று சொல்லும்போது அப்படி வராது. நானே வீட்டில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். தன்னம்பிக்கை என்பதை மனதுக்குள் எங்கேயோ தேடுகிறோம். எனக்கு அது அந்த நோட்டில் எழுதியிருந்த இரண்டு வரியிலிருந்துதான் வந்தது. சொந்தக் கையால் சரிபார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, அதைச் சொல்கிற பல்லின் நிறம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

பேசப் போகிற கிராம சபைக்கு முந்தின வாரம் குழுவில் ஒத்திகை மாதிரி பேசிப் பார்த்தோம். நான் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாகச் சுருக்கினோம்: "கடைசித் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் இணைப்பு கொடுக்க இன்னைக்கே தீர்மானம் போடணும்." மற்ற விவரமெல்லாம் இதற்குப் பிறகு. முதலில் ஊர்க் கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கோரிக்கைக்கு வந்தால், கோரிக்கை வருவதற்குள் மைக்கை வாங்கிவிடுவார்கள் என்பதை நான் பார்த்திருந்தேன். நடுவில் யாராவது உட்காரச் சொன்னால் என்ன செய்வது என்றும் பேசினோம். குழுவின் பிரதிநிதி அக்கா, "அதை நான் பார்த்துக்கறேன்" என்றார். மனுவை இரண்டு பிரதி எழுதி, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். ஒன்று கொடுப்பதற்கு, இன்னொன்று முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வதற்கு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரிதாக உதவியது. எழுதியதைத் தனித்தாளில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று ஆடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே நடுக்கம் கூடிவிடும். நான் குழுவின் தீர்மானப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனேன். கெட்டி அட்டை, நீளமான புத்தகம், கொஞ்சம் கனம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் ஆடாது. இரண்டு கையும் புத்தகத்தில் இருந்ததால் வாயை மூட ஒரு கை மிச்சமில்லை. அது நான் முன்கூட்டி யோசித்தது இல்லை, தானாக அமைந்தது.

எழுவதற்கு முன்னால் மூச்சை நன்றாக வெளியே விட்டேன். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுவதுதான் முக்கியம் என்று பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸம்மா சொல்லியிருந்தார். நீளமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பயத்தில் மூச்சு நெஞ்சின் மேல்பக்கமே நின்று நின்று வருவதால்தான் குரல் உடைகிறது. மூன்று நாலு முறை இப்படி விட்டேன். நடுக்கம் போகவில்லை. ஆனால் வாக்கியம் முழுதாக வெளியே வந்தது.

பாதியில், நினைத்த மாதிரியே, முன்வரிசையிலிருந்து ஒருவர், "சரிம்மா, உட்காரும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். எனக்குக் கால் மடங்கப் பார்த்தது. பின்னாலிருந்து பிரதிநிதி அக்கா எழுந்தார். "அவங்க பேசி முடிக்கட்டும் அண்ணா" என்றார், அவ்வளவுதான். கூட நாலைந்து பெண்களும் "ஆமா, முடிக்கட்டும்" என்றார்கள். அந்த ஒரு குரல் வராமல் இருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. தைரியத்தைத் தனி ஆளின் குணம் என்று நினைத்து நாம் நிறைய இழக்கிறோம். பேசுகிறவர் ஒருவர் என்றால், அவரை உட்கார விடாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். பேச வராதவர்கள் முதலில் இந்த இரண்டாவது ஆளாக இருந்து பழகலாம். "அவங்க முடிக்கட்டும்" என்ற இரண்டு வார்த்தை யாருக்கும் வரும்.

நான் என் கேள்வியைத் தலைவரின் கணவரிடம் கேட்கவில்லை. "தலைவரம்மா, உங்ககிட்டதான் கேக்கறேன்" என்று அவரையே பார்த்துக் கேட்டேன். அவர் கணவர் பதில் சொல்ல எழுந்தார். தலைவரம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, மெல்லிய குரலில், "தீர்மானத்துல எழுதுங்க" என்று செயலரிடம் சொன்னார். எனக்கு இருந்த அதே தயக்கம் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் தமிழ்நாட்டில் 2016இல் சட்டமானது. நாற்காலி கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்து தன் வாயால் பேசுவதற்குச் சட்டத்தைத் தவிர வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. யாராவது அவரை நேரே பார்த்துக் கேட்பதும் அதில் ஒன்று என்று நினைக்கிறேன்.

தீர்மானம் பதிவானது. அதன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டோம். எண் இல்லாமல் பின்னால் எங்கேயும் பேச முடியாது. குழாய் வருவதற்கு ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தது தனிக்கதை, ஆனால் வந்தது. அந்த அலைச்சலில் ஒவ்வொரு மேசை முன்னாலும் பழைய இரண்டு கேள்விதான் கை கொடுத்தது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. என் நடுக்கத்தையும் பல்லையும் ஊரே பார்த்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துக் குழுவில் துணிந்து கேட்டேன். குரல் நடுங்கியது ஓரிருவருக்குத்தான் ஞாபகம் இருந்தது. பல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "பெரிய புஸ்தகம் வச்சிருந்தியே, அதுல என்ன எழுதியிருந்தது?" என்றுதான் கேட்டார்கள். பின்னால் இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு. போட்டுக்கொள்ளவே கூச்சப்படுகிற மாதிரி படம் போட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் அதில் ஏறக்குறைய பாதிதான். நம் குறை நமக்குத் தெரிகிற அளவு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. இதை எனக்குப் பத்து வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

குழுக்களுக்கு வருகிற பயிற்சிகளில் சிலர், "தைரியமா இருங்க, கண்ணாடி முன்னால நின்னு என்னால முடியும்னு சொல்லுங்க" என்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது உதவவில்லை. கண்ணாடியில் தெரிந்தது என் பல்தான். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பேசவே மாட்டோம். பயத்தோடுதான் பேச வேண்டும், பேசிப் பேசித்தான் அது அடங்கும். எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. மைக் கைக்கு வந்தால் இப்போதும் வாய் காய்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருக்கிறேன். கடைக்காரர் என் மகளிடம் ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வதில்லை. அவள் சொல்கிறவரை நிற்கிறேன், பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் சரி. விருந்தாளிகள் முன்னால் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று நிறுத்துவதில்லை. "இவ கொஞ்சம் பயந்தவ" என்று அவள் காதுபட யாரையும் சொல்ல விடுவதில்லை. வாத்தியார்களிடம் ஒரே ஒரு வேண்டுதல்: எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள் கறைப்பல் எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போகட்டும். ஒரு கேள்வி எவ்வளவு காலத்துக்கு ஒருவர் வாயை அடைத்துவிடும் என்பது கேட்டவருக்குத் தெரிவதே இல்லை.

எல்லாப் பயத்தையும் இப்படி எதிர்த்து நிற்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் அடிக்கிறவனுக்குப் பயப்படுகிற பெண்ணுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சுத் தேவையில்லை, பாதுகாப்புத்தான் தேவை. 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்காகவே இருக்கிறது. அதே மாதிரி, ஆட்களைப் பார்க்கவே முடியாமல் படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டித் திருத்த முடியாது. அது சிகிச்சை உள்ள நோயாகவும் இருக்கலாம். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருக்கிறார். எங்கள் குழுவில் ஒருவரின் மகன் அப்படித்தான் போய்ச் சரியாகி, இப்போது ஓசூரில் வேலைக்குப் போகிறான்.

கிராம சபை முன்பு வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு. பழகிக்கொள்ள ஆறு வாய்ப்பு என்று குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற கூட்டத்தில் அத்தை பேசப் போகிறார். கொல்லைக்குப் போகிற வழியில் தெருவிளக்கு எரியாதது பற்றி. எந்தெந்தக் கம்பத்தில் எரியவில்லை என்று நடந்து போய்ப் பார்த்துப் பேத்தியிடம் சொல்லி எழுதி வாங்கிவிட்டார். முதல் வாக்கியம் இன்னும் நீளமாக இருக்கிறது. பன்றியில் ஆரம்பித்து விளக்குக்கு வருகிறார். விளக்கை முன்னால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். "அவங்க முடிக்கட்டும்" என்று சொல்ல இந்த முறை நான் பின்னால் உட்காருகிறேன்.